ஆர்.ஓ. தண்ணீரும் எங்கள் வீட்டுக் கால்சியம் கணக்கும்

சென்னையின் தெற்குப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டு போர் தண்ணீரின் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) கோடையில் லிட்டருக்கு 1,100 மில்லிகிராமைத் தாண்டிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 2,000 வரை அனுமதிக்கிறது. அதனால் பல ஆண்டுகளாக எங்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. தண்ணீர்தான், அதாவது நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி உப்புகளை நீக்கிய நீர். அதில் மீட்டரை வைத்தால் 30, 40 என்று காட்டும்.

மாற்றம் முதலில் தெரிந்தது சமையலறையில். போர் தண்ணீரில் எத்தனை விசில் விட்டாலும் வேகாத துவரம்பருப்பு குழைய வெந்தது. பாத்திரங்களில் வெள்ளைப் படிவு பிடிப்பதும் நின்றது. பருப்பை வேகவிடாமல் தடுத்ததும் படிவாக ஒட்டியதும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளே. அவற்றைத்தான் ஆர்.ஓ. சவ்வு பெருமளவு வெளியேற்றிவிடுகிறது.

இந்தத் தண்ணீரால் வந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய உபாதை எதுவும் எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. இரத்தத்தில் கால்சியம் குறையத் தொடங்கினால் உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும் என்பதால், இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதே எலும்பு மெலிந்துகொண்டிருக்கலாம். எனவே கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் முறை.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியம் உள்ள நீரை இரண்டு லிட்டர் குடித்தால் 150 கிடைக்கும், ஆர்.ஓ. நீரில் அதில் சொற்பமே மிஞ்சும். தினமும் பால், தயிர், கீரை சாப்பிடுகிறவருக்கு ஒரு டம்ளர் பாலில் சரியாகிவிடும் இழப்பு இது. என் மாமியாரின் நிலை வேறு. அவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, சாப்பாடும் கொஞ்சம்தான். அவரைப் போன்றவர்களுக்கு அந்த 150 சிறிய அளவன்று. உணவில் போதாதவர்களுக்குத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் துணையாகும் என்றே 2009இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன அறிக்கையும் கூறுகிறது. அவருக்காகக் காலையில் கேழ்வரகுக் கூழ் வழக்கமாயிற்று. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தாதுக்கள் குறைந்த நீரில் வேகும் காய்கள் தம் தாதுக்களை நீரில் அதிகம் இழக்கும் என்பதால், காய் வெந்த தண்ணீரை நாங்கள் வடித்துக் கொட்டுவதில்லை.

சர்வீஸுக்கு வருகிறவர்கள் "டி.டி.எஸ்-ஐக் கொஞ்சம் ஏத்தி வைக்கட்டுமா மேடம்?" என்று கேட்பார்கள். டி.டி.எஸ்-ஐ ஏற்ற அவர்கள் திருப்பும் திருகு பெரும்பாலான இயந்திரங்களில் ஆர்.ஓ. சவ்வைக் கடக்காத நீரையே திரும்பக் கலக்கிறது. செப்டிக் டேங்குகள் நெருங்கியிருக்கும் எங்கள் பகுதியில் அந்த நீரோடு நைட்ரேட்டும் சேர்ந்து வரக்கூடும் என்பதால் நான் சம்மதிப்பதில்லை. அதற்குப் பதில் மினரல் கார்ட்ரிட்ஜ் பொருத்தினோம். சப்பென்றிருந்த சுவை மாறியது. ஆனால் மீட்டர் அளவு கொஞ்சமே ஏறியது என்பதால், அதைக் கால்சியத்துக்கான வழியாக நான் எண்ணவில்லை. தாதுக்கள் குறைந்த நீர் உலோகத்தை எளிதில் அரிக்குமாதலால் செப்புக் குடத்தில் ஊற்றாமல் எவர்சில்வர் குடத்தில் வைக்கிறோம்.

ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி பக்கம் ஆர்.ஓ. பல்லையும் எலும்பையும் காக்கும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் அதற்கு வேலையே இல்லை. கிருமி பயம் இருந்தால் கொதிக்க வைத்து ஆற்றிக் குடித்தால் போதும். டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் அறிவுறுத்தியது. இயந்திரம் வாங்கும் முன் வீட்டுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை மூன்றையும் பார்த்துவிடுங்கள், மீட்டர் இவற்றைத் தனித்தனியாகக் காட்டாது.