14,000 டாலர் போய்விட்டது: “ஆக்சைடு மண், கவலையே வேண்டாம்” என்று சொல்லும் தங்கப் பரிசோதனைக்காரர்களிடம் ஜாக்கிரதை

நேற்று ராத்திரிதான் கடைசிப் பதில் வந்தது. “அறிக்கை உத்தேசமானது மட்டுமே, வணிக முடிவுகளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது.” அவ்வளவுதான், அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். 14,000 டாலர். நான் தான்சானியாவில் வேலை பார்த்து மிச்சம் பிடித்ததும், என் மைத்துனர் ஊரில் வீட்டுப் பத்திரத்தை வைத்து அனுப்பியதும் சேர்ந்த பணம் அது. இதே ஆட்கள் இன்றைக்கும் வீடியோ போட்டு “ஆப்பிரிக்காவில் தங்கத் தொழில், பரிசோதனை முதல் உருக்கு வரை நாங்களே” என்று ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

தொழில் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா ஏரிக்குத் தெற்கே கெய்ட்டா வட்டாரத்தில் சிறு சுரங்கக்காரர்கள் பாறையை அரைத்து, சாய்வுப் பலகையில் கழுவி, பாதரசத்தில் பிடித்துத் தங்கம் எடுக்கிறார்கள். அதில் சிக்காத நுண்தங்கம் கழிவு மணலிலேயே தங்கிவிடும். அந்த மணலை அங்கே மருடியோ என்பார்கள். அதை விலைக்கு வாங்கி, சிமெண்டுத் தொட்டியில் கொட்டி, சுண்ணாம்பு கலந்து காரத்தன்மையை (pH அளவு) 10.5-க்கு மேல் நிறுத்தி, சயனைடு கரைசலை ஓடவிட்டால் தங்கம் கரைந்து வரும். கரைசலைத் தேங்காய் ஓட்டுக் கரி வழியாக விட்டால் தங்கம் கரியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே நிறைய பேர் உரிமத்தோடு செய்கிற தொழில்தான் இது. நாங்களும் உரிமம் உள்ள உள்ளூர்க்காரரின் தொட்டிகளை வாடகைக்குப் பிடித்து, அவருடைய சயனைடு அனுமதியின் கீழேதான் செய்தோம். திருட்டுத்தனமாக எதுவும் இல்லை.

ஏமாந்த இடம் பரிசோதனையில். மணல் வாங்கும் முன்பு அதில் எவ்வளவு தங்கம், எவ்வளவு சயனைடு ஆகும், எத்தனை சதவீதம் கைக்கு வரும் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்த நிறுவனம். பெயரைச் சொல்லவில்லை. கனிமப் பரிசோதனை செய்து ஆலோசனை தரும் நிறுவனம், ஆன்லைனில் பேக்கேஜாக விற்பது, ஆய்வகம் இருப்பதாகப் படம் காட்டுவது, இது போதும். பேசியவர் தமிழர். முதல் அழைப்பிலேயே “அண்ணா, ஊரு எது, கோலார் தங்கவயலா? நம்ம ஆளுங்க இரத்தத்திலேயே தங்கம் இருக்குண்ணா” என்றார். வெளிநாட்டில் தனியாக இருப்பவனிடம் இப்படிப் பேசினால் மனம் இளகத்தான் செய்யும், அது தெரிந்துதான் பேசுகிறார்கள்.

மாதிரி அனுப்பினேன். அறிக்கை ஒரே பக்கம்: தங்கம் டன்னுக்கு 3.1 கிராம், பாட்டில் சோதனையில் (மாதிரி மண்ணைச் சயனைடு கரைசலோடு பாட்டிலில் போட்டு உருட்டிப் பார்ப்பது) 86 சதவீதம் கரைந்தது, சயனைடு டன்னுக்கு 0.7 கிலோ. வேறு எந்த உலோகமும் எழுதப்படவில்லை. செம்பு இல்லை, கந்தகம் இல்லை, ஆர்சனிக் இல்லை. பார்த்ததும் கேட்டேன், எழுத்திலேயே கேட்டேன், அந்த செய்தி இன்னும் போனில் இருக்கிறது. காரணம், மணலை உள்ளங்கையில் வைத்து லென்ஸில் பார்த்தபோது செம்மண் துகள்களுக்கு நடுவே அங்கங்கே பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. பாசிப்பச்சை இல்லை, பளிச்சென்ற பச்சை, கத்தி முனையால் கீறினால் வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்தது. படம் எடுத்து அனுப்பி “இது செம்பா?” என்று கேட்டேன்.

வந்த பதிலை அப்படியே தருகிறேன் (அதில் வரும் குளோரைட் என்பது செம்பு இல்லாத ஒரு சாதாரணப் பச்சைக் கனிமம்). “அண்ணா, அது குளோரைட். அந்த ஏரியா முழுக்கப் பச்சைப்பாறைதானே. உங்க மண்ணு முழு ஆக்சைடு. சல்ஃபைடு இருந்தாத்தான் தலைவலி. ஆக்சைடுன்னா தண்ணியில சர்க்கரை கரையற மாதிரி தங்கம் கரைஞ்சிடும். கவலையே வேண்டாம், நான் பொறுப்பு.”

நான் பொறுப்பு. இந்த இரண்டு சொல்லை நம்பித்தான் 120 டன் மணலுக்குப் பணம் கட்டினேன்.

இதில் உள்ள பொய் எப்படிப்பட்டது என்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பதற்கு அது உண்மை போலவே இருக்கும். பொதுவாக ஆக்சைடு மண், அதாவது காற்றும் நீரும் பட்டு உக்கிப்போன மண், சயனைடுக்கு எளிது என்பது சரிதான். ஆனால் செம்பு இருந்தால் கதை தலைகீழ். செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சால்கோபைரைட் என்ற சல்ஃபைடு கனிமம் சயனைடில் கொஞ்சம்தான் கரையும், நூற்றுக்கு ஐந்தாறு பங்கு. அதே செம்பு ஆக்சைடாக மாறி மலக்கைட், அசுரைட் என்று பச்சையாகவும் நீலமாகவும் நிற்கும்போது ஒரே நாளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கரைந்துவிடும். மெட்டலர்ஜி படித்தவர்கள் மாணவப் பருவத்திலேயே பார்க்கிற பட்டியல் இது. அதாவது “ஆக்சைடு, அதனால் கவலை இல்லை” என்று அவர் சொன்னது, என் மண்ணைப் பொறுத்தவரை “ஆக்சைடு, அதனால்தான் கவலை” என்று சொல்லியிருக்க வேண்டியது. தெரியாமல் சொன்னார் என்றால் ஆய்வகம் நடத்தத் தகுதி இல்லை. தெரிந்தே சொன்னார் என்றால் அதற்குப் பெயர் வேறு.

கணக்கையும் பாருங்கள். ஒரு கிராம் தங்கம் கரைய வேதியியல்படி சுமார் அரை கிராம் சோடியம் சயனைடு போதும். டன்னுக்கு 3 கிராம் தங்கம் என்றால் ஒன்றரை கிராம் சயனைடு! ஆனால் ஒவ்வொரு ஆலையும் டன்னுக்கு நூற்றுக்கணக்கான கிராம், சில இடங்களில் கிலோ கணக்கில் போடுகிறது. அதெல்லாம் எங்கே போகிறது? தங்கத்தோடு கூட இருக்கும் கனிமங்களின் வாயில். ஒரு கிராம் செம்பு கரைந்தால் 2.3 கிராம் சயனைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தங்கம் மண்ணில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு, செம்பு ஆயிரத்தில் இரண்டு பங்கு. யார் முதலில் சாப்பிடுவார்கள்?

தொட்டியில் நடந்தது அதுதான். அவர்கள் கணக்குப்படி இரண்டு டிரம் சயனைடு வாங்கிக் கரைத்து ஓடவிட்டோம். கரைசலில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வெள்ளி நைட்ரேட் சொட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். சயனைடு இருந்தால் கரைசல் தெளிவாகவே இருக்கும், சொட்டுச் சொட்டாக நிறைய விட்ட பிறகுதான் மஞ்சளாகக் கலங்கும். எங்களுக்கு முதல் ஒன்றிரண்டு சொட்டிலேயே கலங்கிவிட்டது. போட்டது முழுக்கத் தீர்ந்து போயிருந்தது. உடனே அழைத்தேன். “இன்னும் சேருங்கண்ணா, மண்ணு பழகணும்” என்றார். மண் எப்படிப் பழகும்? ஆனால் தொட்டியில் மணல் கிடக்கிறது, வாடகை ஓடுகிறது, சேர்த்தோம். மறுபடி தீர்ந்தது. மறுபடி சேர்த்தோம். அந்த 14,000 டாலரில் நல்ல பங்கு இந்தக் கட்டத்தில் கரைந்தது.

கரியை எடுத்துப் பக்கத்து எலூஷன் ஆலைக்கு, அதாவது கரியில் ஒட்டிய தங்கத்தைக் கழற்றி எடுக்கும் ஆலைக்கு, கொண்டுபோனபோது அங்கிருந்தவர் மின்பகுப்புப் பெட்டியைத் திறந்து எஃகு நாரை வெளியே எடுத்தார். வழக்கமாகக் கருஞ்சேறு போல் தங்கம் படிந்திருக்கும் என்றார். எங்களுடையது செக்கச்செவேலென்று புது செப்புக் குடம் நிறத்தில் இருந்தது. சயனைடு குறைவாக இருக்கும்போது கரைந்த செம்பும் கரியில் ஏறி, தங்கத்துக்கான இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. உருக்கி, சுத்தம் செய்து, எடை போட்டால் தங்கம் 60 கிராம் சொச்சம். அறிக்கைப்படி 300 கிராமுக்கு மேல் வந்திருக்க வேண்டும். வந்ததை விற்ற காசு உருக்குக் கூலிக்கும் ஆட்கள் கூலிக்கும் மணல் அள்ளிய லாரிக்கும் போய்ச் சேர்ந்தது. போட்ட 14,000 டாலர் போட்டதுதான்.

அப்புறம் ஆரம்பித்தது தட்டிக்கழிப்பு. முதலில் சுண்ணாம்பு சரியில்லை என்றார்கள். சுண்ணாம்பு அளவுப் பதிவைப் படம் எடுத்து அனுப்பினேன். கரி மட்டமான கரி என்றார்கள். கரி அவர்கள் சொன்ன கடையில் வாங்கியது. அப்புறம் தொட்டியில் வேலை செய்தவர்கள் திருடிவிட்டார்கள் என்றார்கள். இது எனக்கு மிகவும் வலித்தது, ராத்திரி பகலாகச் சயனைடுப் பக்கத்தில் நின்று வேலை பார்த்த பையன்கள் அவர்கள். அப்புறம் “நீங்கள் அனுப்பிய மாதிரி வேறு, கொட்டிய மணல் வேறு” என்றார்கள். அண்ணா போய் சார் ஆனது, சார் போய் “வாடிக்கையாளர் அவர்களுக்கு” ஆனது. பாட்டில் சோதனையின் மூலப் பதிவைக் கொடுங்கள், எந்தத் தேதியில் செய்தீர்கள், எவ்வளவு சயனைடு போட்டீர்கள், எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டேன். இதற்கு மட்டும் எந்தப் பதிலும் இல்லை. அந்தச் சோதனையே நடக்கவில்லை என்பது என் முடிவு. தங்கத்தை மட்டும் உருக்கிப் பார்த்து அளந்துவிட்டு, மற்ற எண்களை வேறு ஏதோ ஆலையின் அறிக்கையிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார்கள். உருக்கிப் பார்க்கும் சோதனை மண்ணில் உள்ள மொத்தத் தங்கத்தைச் சொல்லும். சயனைடு அதில் எவ்வளவைத் தொடும் என்று சொல்லாது.

என் மாமா கோலார் தங்கவயலில் மில்லில் வேலை பார்த்தவர், 2001-இல் சுரங்கத்தை மூடியபோது வெளியே வந்தவர். போன் செய்து விவரம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வியே “மண்ணுல பச்சை இருந்துச்சாப்பா?” என்பதுதான். எத்தனையோ மண்ணைப் பார்த்தவர். கோலாரில் முக்கிய ரீஃப் (தங்கம் ஓடும் பாறை அடுக்கு) வெறும் வெண்கல், குவார்ட்ஸ், தங்கம் தனியாகக் கிடக்கும், சயனைடுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் மேற்குப் பக்கத்து தாது அடுக்குகளில் பைரோடைட், ஆர்சனோபைரைட் என்று சல்ஃபைடுகள் உண்டு, அதை எல்லா மண்ணையும் போல நடத்த முடியாது என்றார். அவர் சொன்னபடி தொட்டியிலிருந்து வெகு தூரத்தில், சயனைடு படாத புது மணலில் ஒரு சிட்டிகை எடுத்து, தண்ணீர் கலந்த பேட்டரி ஆசிட்டில் போட்டேன். பச்சைத் துகள்கள் நுரைத்துக் கரைந்து தண்ணீர் இளநீலமானது. தேய்த்துச் சுத்தம் செய்த இரும்பு ஆணியை அதில் நிறுத்தினேன், கொஞ்ச நேரத்தில் ஆணி முழுக்கச் செம்பு பூத்துவிட்டது. ஒரு ஆணி சொன்னதை அந்த ஆய்வகம் சொல்லவில்லை. பிறகு வேறொரு நல்ல ஆய்வகத்தில் காசு கட்டிப் பார்த்ததில் செம்பு 0.24 சதவீதம், பெரும் பங்கு மலக்கைட். டன்னுக்கு நாலரை கிலோவுக்கு மேல் சயனைடு கேட்கும் மண். முன்பே தெரிந்திருந்தால் அந்த மணல் பக்கமே போயிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் என்னைத் தூங்கவிடவில்லை. செம்பைப் பிடித்துக்கொண்ட சயனைடு அழிந்துபோன சயனைடு இல்லை, அது கழிவுநீரில் கிடக்கிறது. திறந்த குட்டையில் இந்த வகைச் சயனைடு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச சயனைடு விதிமுறை, பறவையும் ஆடும் குடித்துச் சாகக் கூடாது என்பதற்காக. இந்த ஆலோசகரிடம் கேட்டபோது “வெயில்ல காய்ஞ்சிடும்” என்றார். நாங்கள் வேலி போட்டு, மருந்து கலந்து, காவல் வைத்து அதைச் சரிசெய்தோம். அந்தச் செலவும் 14,000-இல்தான் சேர்ந்தது.

எச்சரிக்கையாக நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தங்கம் எத்தனை கிராம் என்று மட்டும் எழுதிய அறிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள். செம்பு, கந்தகம், ஆர்சனிக், ஆன்டிமனி, கரிமக் கார்பன் எல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள். பைரோடைட் இருந்தால் அது ஆக்சிஜனையும் சயனைடையும் சேர்த்து விழுங்கும், முன்கூட்டியே சுண்ணாம்போடு காற்று ஊத வேண்டும். ஸ்டிப்னைட் என்ற ஆன்டிமனிக் கனிமம் இருந்தால் காரம் கூடக்கூடத் தங்கத்தின் மேல் படலம் போட்டு மூடிவிடும். கறுப்புக் கார்பன் மண் கரைந்த தங்கத்தையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், அமெரிக்காவில் நெவாடாவின் கார்லின் பக்கம் பெரிய கம்பெனிகளே இதனோடு மல்லுக்கட்டின. ஆர்சனோபைரைட்டுக்குள் பூட்டிய தங்கம் என்றால் தொட்டி வேலைக்கே ஆகாது, கானாவின் ஒபுவாசியில் பாக்டீரியாவை வைத்துத்தான் அதைத் திறந்தார்கள்.

பாட்டில் சோதனையின் மணிவாரிப் பதிவைக் கேளுங்கள், தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். குவியலின் மேலே மட்டும் அள்ளாமல் நடுவிலும் அடியிலும் மாதிரி எடுங்கள். பாதி மாதிரியைச் சீல் வைத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆணிச் சோதனை செய்வதாக இருந்தால் சயனைடு பட்ட எதன் மேலும் ஆசிட் படவே கூடாது, வரும் வாயு ஆளைக் கொன்றுவிடும்.

“நான் பொறுப்பு” என்பதை முத்திரையோடு எழுதி வாங்குங்கள். வாங்கும்வரை ஒரு டாலரும் அனுப்பாதீர்கள்.