ஏரிக்கரையில் பைனாகுலரும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பும்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிபவை

வேலூர்ப் பக்கம் பறவை பார்க்கப் பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை எக்ஸ்?" என்றுதான், அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று. ஆண்டுக்கணக்கில் புழங்கினால் அந்த எண் பின்னுக்குப் போய்விடும். 8×42 என்றால் 8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. 8×42 பைனாகுலரிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மி.மீ. 10×42-இல் 4.2தான். விடியும்முன் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்றால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 8-இல் கைநடுக்கமும் குறைவு.

நேர்க்குழாய் வடிவிலான ரூஃப் ப்ரிஸம் வகையில், ப்ரிஸத்தில் ஒளியலைகளைச் சீராக்கும் பூச்சான ஃபேஸ் கோட்டிங் இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். அது இல்லாவிட்டால் நுண்விவரம் மழுங்கும். உள்ளான் போன்ற நீர்க்கரைப் பறவையின் இறகுக் கோடுகள் கரைந்து வெறும் பழுப்பாகத் தெரியும். கடையிலேயே முன் லென்ஸில் ட்யூப்லைட்டைப் பிரதிபலிக்க விட்டுப் பாருங்கள். மங்கலான பச்சையும் ஊதாவும் தெரிந்தால் நல்லது. பளீர் வெள்ளையாக ஒன்று தெரிந்தால், உள்ளே ஏதோ ஒரு பரப்பில் கோட்டிங் இல்லை. சிவப்பாக மின்னும் 'ரூபி' லென்ஸ் வேண்டவே வேண்டாம். சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காட்சியைப் பச்சையாக்கிவிடும்.

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழாய் தொலைநோக்கி. 20 முதல் 60 மடங்கு வரை மாற்றக்கூடிய, 80 மி.மீ. லென்ஸுள்ள 20-60×80 ஸ்கோப்பில் 60-க்குப் போனால் ஒளிக்கற்றை 1.3 மி.மீ.தான், காட்சி இருண்டுவிடும். அதைவிடப் பெரிய தொல்லை கானல், அதாவது சூட்டில் காற்று அலைந்து காட்சி நெளிவது. சித்திரையில் வெயில் ஏறியபின் காய்ந்த பாலாற்று மணலுக்கு மேலே பார்த்தால் எவ்வளவு விலை கொடுத்த இ.டி. கண்ணாடியும் (நிறப்பிசிறைக் குறைக்கும் லென்ஸ்) கைகொடுக்காது. காவலூர் வானாய்வகத்தில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கே காற்றின் அலைச்சலை மீறிப் பார்ப்பது பெரும்பாடு. 25, 30-க்கு இறக்குங்கள், ஈர நிலத்துக்கு மேலாகப் பாருங்கள், காரின் சூடான பானெட்டைத் தாண்டிப் பார்க்காதீர்கள். கரையில் காற்றடித்தால் ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை அகட்டி வைப்பது முக்கியம்.

வேட்டி முனையால் லென்ஸைத் துடைப்பதுதான் கோட்டிங்குக்கு எமன். ஆற்று மணல்தூசி குவார்ட்ஸ், கோட்டிங்கைக் கீறிவிடும். முதலில் ப்ளோயர், பிறகு மென்தூரிகை, கடைசியாகத்தான் மைக்ரோஃபைபர் துணி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோலுறைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். குழாய்க்குள் நைட்ரஜன் வாயு நிரப்பியிருந்தாலும் அது உட்புறத்தைத்தான் காக்கும், வெளி லென்ஸை அல்ல. காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் நீல சிலிகா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் இளஞ்சிவப்பானதும் சூடாக்கி உலர்த்தி, ஆறியபின் திரும்பப் போடுங்கள்.