பேஸ் ஆம்ப் ஃபேன் சத்தம்: டர்பனில் என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டில் 2017 முதல் ஒரு பேஸ் ஆம்ப் இருக்கிறது, அதாவது பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி. 500 வாட், கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை), பின்பக்கம் 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று. தொனியில் இன்றுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. தொல்லையெல்லாம் அந்த ஃபேனால்தான்.

கல்யாண மண்டபத்தில் டிரம்ஸோடு வாசிக்கும்போது அது ஓடுவதே தெரியாது. கோயிலில் பஜனைக்கு உட்கார்ந்தால்தான் தெரியும். பாடகர் விருத்தம் எடுப்பார், தம்புரா மட்டும் மெல்ல ஓடும், பின்னால் ஆம்ப் இரைந்துகொண்டே இருக்கும். அடுத்த வருடம் அந்த இரைச்சலில் ஒரு கரகரப்பும் சேர்ந்தது. வயலின் வாசிக்கும் அக்கா ஒரு நாள் வில்லை இறக்கிவிட்டு, "தம்பி, அதைக் கொஞ்ச நேரம் அணைச்சு வைக்க முடியாதா?" என்று கேட்டார். அன்று ராத்திரியே திறந்துவிட்டேன்.

திறப்பவர்கள் கவனிக்க: பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. இங்கே மின்சாரம் 230 வோல்ட். பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு டிசி நிற்கும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்து, அது இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

கரகரப்புக்குக் காரணம் ஸ்லீவ் பேரிங், அதாவது ஃபேனின் தண்டு சுற்றும் சிறு குழல். அதிலுள்ள எண்ணெய் வற்றினால் தண்டு தேய ஆரம்பிக்கும். நடுவிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் தூக்கி, இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். இறக்கைகளில் இருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். இந்தக் கடற்காற்றில் தூசி உதிராது, அப்பிக்கொள்ளும். மூன்று மாதம் நிம்மதி. அப்புறம் பழையபடி கரகரப்பு.

அடுத்து நான் செய்தது தவறு. ஃபேன் வயரில் தொடராக, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் 27 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தேன். 12 வோல்ட் ஃபேனுக்கு 8 வோல்ட் போலத்தான் போனது. வேகம் குறைந்தது, சத்தம் அடங்கியது. அது ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் சமயம். இந்த ஊரில் ஆடி குளிர்காலம். இரண்டு மணி நேரம் வாசித்தும் ஆம்ப் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை, நானும் நம்பிவிட்டேன். தைப்பூசம் வந்தது. தை என்றால் இங்கே கோடை, காற்றெல்லாம் ஈரம். காவடி முடிந்து, மாலைக் கச்சேரியில் நாலாவது பாட்டின் நடுவே ஆம்ப் நின்றுவிட்டது. மேல் தகட்டில் கை வைக்க முடியவில்லை. குறைந்த வோல்ட்டில் அந்தத் தேய்ந்த ஃபேன் அன்று கிளம்பவே இல்லை. சூடு ஏறி, ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றிருக்கிறது. மீதிப் பாட்டெல்லாம் பேஸ் இல்லாமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம்.

ரெசிஸ்டரை எடுத்து எறிந்துவிட்டு நாக்டுவா நிறுவனத்தின் என்எஃப்-ஏ8 எஃப்எல்எக்ஸ் ஃபேன் வாங்கினேன். அதே 80 மில்லிமீட்டர், 12 வோல்ட், நிமிடத்துக்கு 2000 சுற்று. (சில ஆம்ப்களில் 24 வோல்ட் ஃபேன் இருக்கும், பழையதன் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.) வயர் நிறத்தில் ஏமாறக்கூடாது. மற்ற பல ஃபேன்களில் சிவப்பு பாசிட்டிவ், மஞ்சள் வேகத்தைச் சொல்லும் வயர். இதில் மஞ்சள்தான் பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ், பச்சை வேகத்துக்கு. பச்சையை டேப் சுற்றி ஒதுக்கினேன். காற்று உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று முன்பே கிரில்லில் டிஷ்யூ தாள் வைத்துப் பார்த்திருந்ததால் திசை மாறவில்லை. ஸ்க்ரூவுக்குப் பதில் கூடவே வந்த ரப்பர் பின்களைப் போட்டேன். தகட்டின் அதிர்வு அதிலேயே போய்விட்டது.

பழைய ஃபேன் 3000 சுற்று. 2000 ஆனால் சத்தம் கணக்குப்படி 9 டெசிபல் குறையும், ஆனால் காற்றும் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதனால் ஆம்பை மாட்டிவைக்கும் ரேக்கில் அதற்கு மேலும் கீழும் இடம் விட்டேன். அந்தக் கோடை முழுக்க இடைவேளைதோறும் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, கை தாங்கியது.

2019 முதல் அதே ஃபேன்தான். கோடை தொடங்கும் முன் செப்டம்பரில் ஒரு முறை திறந்து பிரஷ் போடுகிறேன். வீட்டில் ராத்திரி ரெக்கார்டிங் செய்யும்போது மைக்கைப் பக்கத்தில் வைத்தால் மெல்லிய காற்றுச் சத்தம் இன்னும் விழும். மைக்கை எதிர்ச் சுவரோரம் நகர்த்திவிடுவேன். கோயிலில் விருத்தத்தின்போது தம்புரா மட்டும்தான் கேட்கிறது.