அப்பாவுக்கு எந்த கங்காரு பை பொருந்தும்?

குறைமாதக் குழந்தைக்கும் 2,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்கும் தினம் 8 முதல் 24 மணி நேரம் வரை தோலோடு தோல் சேர்ந்த அணைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. பிள்ளை பெற்ற உடம்போடு அம்மா ஒருத்தியால் இத்தனை மணி நேரம் ஆகாது. மிச்சத்தை அப்பாதான் ஏற்க வேண்டும். ஆனால் குழந்தையை இப்படி மார்போடு சேர்த்துத் தாங்கும் கங்காரு பைகள் கடையில் அம்மாவின் உடம்புக்கென்றே தைத்தவை மாதிரி இருக்கின்றன. ஆணின் தட்டை மார்பில் குழந்தைக்குப் பிடிமானம் குறைவு, வழுக்கிக் கீழே இறங்கும். அதனால் பையின் கீழ்விளிம்பு எவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வெல்க்ரோ பட்டை வகைக்கு ஒரே வசதி, துணைக்கு ஆள் இல்லாமலே மாட்டலாம். கழற்றும்போது வரும் சத்தத்தில் தூங்குகிற குழந்தை திடுக்கிடும். பஞ்சும் நூலும் அடைத்தால் பிடி தளரும். பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்து, ஒட்டி மூடிய பிறகே துவைக்க வேண்டும்.

லைக்ரா கலந்த பருத்தியில் வரும் குழாய்ப் பனியன் வகைதான் அப்பாக்களுக்கு நல்லது. இழுவிசை சுற்றிலும் சமமாக விழுகிறது. வெற்று மார்பை அளந்து வாங்குங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் சின்னது. துவைக்கத் துவைக்க நெகிழும். ஒரு கையால் குழந்தையைத் தாங்கிக்கொண்டு எழுந்து நின்று பாருங்கள்: குழந்தை கீழே நழுவினால் அந்தப் பனியனைத் தூக்கிப் போடலாம்.

செலவில்லாத வழி, கஞ்சி போடாத பழைய 8 முழ வேட்டி. மடித்து இரண்டு சுற்று சுற்றி, முடிச்சைப் பக்கவாட்டில் போட வேண்டும். முதுகில் போட்டால் சாயும்போது குத்தும். ஜரிகைக் கரை குழந்தை மேல் படக்கூடாது. கட்டிவிட இன்னொருவர் வேண்டும்.

எதை வாங்கினாலும் வைக்கும் முறை ஒன்றே, அதை முதலில் செவிலியர் முன்னால் செய்து பழக வேண்டும். டயபர், தொப்பி, காலுறை மட்டும் போட்ட குழந்தையை நெஞ்சின் நடுவில் நிமிர்த்தி வைத்து, கால்களைத் தவளைபோல் மடக்கி விரிக்கவும். தலை ஒரு பக்கம் திரும்பி, சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். தாடை நெஞ்சில் குத்தி நின்றால் மூச்சுக்குழாய் மடங்கும். துணியின் மேல்விளிம்பு காதுக்குச் சற்றுக் கீழே. இறுக்கம் குழந்தையின் நெஞ்சுப் பகுதியில் இருக்கட்டும், வயிற்றில் வேண்டாம். அது விரிந்து சுருங்கினால்தான் மூச்சு வரும். பயத்தில் பல அப்பாக்கள் இறுக்குவது சரியாக அந்த வயிற்றைத்தான்!

மார்பு முடியால் கெடுதல் இல்லை. வாசனைத் திரவியமும் சிகரெட் வாடையும் கூடாது. ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காதீர்கள். அடிக்கடி எடுத்து வைப்பது குழந்தைக்குச் சிரமம். தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ந்துகொள்ளலாம். அடுப்படி வேலை, சூடான காபி, வண்டி ஓட்டுவது எதுவும் ஆகாது. உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ உடனே வெளியே எடுத்து மருத்துவ உதவி கேளுங்கள்.

2,500 கிராமை நெருங்கும்போது குழந்தையே உதைத்து வெளியேறப் பார்க்கும், அத்தோடு பைக்கு வேலையில்லை. இதற்குப் போய் விலையுயர்ந்த ஒன்று எதற்கு? சாதாரணமானதில் இரண்டு வாங்குங்கள், ஒன்று கொடியில் காயும்போது மற்றது கைக்கு உதவும்.