லீட்ஸில் ரூம் தேடுகிறவர்கள் கவனிக்க: என் 1,120 பவுண்டு போய்விட்டது

இங்கிலாந்தின் லீட்ஸில் ரூமுக்கு என்று முன்பணம் அனுப்பி ஏமாந்துவிட்டேன். நேற்று சாயங்காலம் பேங்கிலிருந்து மெயில் வந்தது. பணம் போய்ச் சேர்ந்த அக்கவுன்ட்டின் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லையாம், அதனால் திருப்பி வாங்கித் தர முடியாதாம். திருடியவனிடமே போய்ச் சம்மதம் கேட்டிருக்கிறார்கள்! 1,120 பவுண்டு. நம்மூர்ப் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் வருகிறது. அப்பா சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்த பணம். ஜனவரி இன்டேக்குக்கு வருகிறவர்கள் இப்போது ரூம் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதனால் இன்றைக்கே எழுதுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு விசா வர தாமதமானதில் யூனிவர்சிட்டி ஹாஸ்டல் நிரம்பிவிட்டது. மாணவர்களுக்கு ரூம் காட்டும் ஆப் ஒன்றில் லீட்ஸின் ஹைட் பார்க் பக்கம் ஒரு மாடி அறை இருந்தது. பில் எல்லாம் சேர்த்து மாதம் 520 பவுண்டு. சந்தேகப்படுகிற அளவுக்குக் குறைச்சல் எல்லாம் இல்லை, அந்தப் பக்கத்தில் போகிற வாடகைதான். மெசேஜ் போட்ட கொஞ்ச நேரத்தில் ஏஜென்ட் என்று ஒருவன் போன் செய்தான். சுத்தமான தமிழ். "எந்த ஊரும்மா? எந்த கோர்ஸ்? தனியாவா வர்றே?" என்று அக்கறையாக விசாரித்தான். அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "அங்கிள், நீங்க கவலையே படாதீங்க, என் தங்கச்சி மாதிரி பாத்துக்கறேன்" என்றான். அப்பா அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இதில் முக்கியமான விஷயம், அவன் சொன்ன சட்டம் எல்லாம் உண்மை. இங்கிலாந்தில் 2019 சட்டப்படி ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்றான். நான் தேடிப் பார்த்தேன், சரியாக இருந்தது. வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் கட்ட வேண்டும், ரசீது வரும் என்றான். அதுவும் சரி. ஐந்து வாரத்துக்கு 600, முதல் மாதம் 520, மொத்தம் 1,120 என்று பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தான். சட்டத்தை இவ்வளவு ஒழுங்காகச் சொல்கிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

அப்புறம் வீடியோ கால். செங்கல் வீடு, குறுகலான படி, மேலே சாய்ந்த கூரை வைத்த அறை. ஜன்னலுக்குக் கீழே இருந்த ஹீட்டரின் குமிழைத் திருகி, கையை அதன் மேல் வைத்து, "சூடாகுது பாரு தங்கச்சி, குளிர்ல இதுதான் முக்கியம்" என்றான். பாத்ரூம் குழாயைத் திறந்து வெந்நீர் வரும்வரை போனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். நானும் அப்பாவும் நேரில் பார்த்தது மாதிரிதான் இருந்தது. மறுநாள் அப்பா பேங்குக்குப் போய், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். 1,120 பவுண்டு, அதற்கு மேல் பேங்க் சார்ஜ்.

இரண்டு பெரிய பெட்டியோடு அந்த வீட்டு வாசலில் வந்து நின்றேன். வீடு இருந்தது. வீடியோவில் பார்த்த அதே வீடு! உள்ளே சுத்தம் செய்துகொண்டிருந்த அம்மா கதவைத் திறந்து என் பெட்டிகளைப் பார்த்தார். இது நாள் வாடகைக்கு விடுகிற வீடு, மாணவர்கள் யாரும் இங்கே தங்குவதில்லை என்றார். இதற்கு முன்னாலும் ஒரு பையன் இப்படிப் பெட்டியோடு வந்து நின்றானாம். அந்த ஏஜென்ட் ஓரிரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, எத்தனை பேருக்கு அந்த ஹீட்டரைக் காட்டினானோ. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்தார், அவருக்கு நன்றி.

அன்றைக்கு அவன் போனை எடுத்தான். "சாவி வேற பிரான்ச்ல இருக்கு, மேனேஜர் லீவு, திங்கட்கிழமை வாங்கிக்கோ." திங்கட்கிழமை, "ரீஃபண்ட் போட்டாச்சு, ரெண்டு நாள்ல வந்துடும்." அப்புறம் "உங்க அப்பா ஏன் இப்படிக் கத்தறாரு?" என்று என்னிடமே கோபப்பட்டான். அதன் பிறகு பிளாக்.

ஆப் கம்பெனி அதற்கு மேல். பணம் ஆப்புக்கு வெளியே போனதால் பொறுப்பில்லை என்று ஒரே பதிலை வேறு வேறு பெயரில் அனுப்பினார்கள். அவன் ஆப்பில் விளம்பரம் போட அனுமதித்தது யார் என்று கேட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். ஊரில் பேங்க் மேனேஜர், "சார், நீங்களேதானே கையெழுத்துப் போட்டீங்க" என்று அப்பாவை நிற்க வைத்தே பேசி அனுப்பியிருக்கிறார். பணம் போன இங்கிலாந்து பேங்க்கில், நான் அவர்கள் கஸ்டமர் இல்லையாம், பேச முடியாதாம். இங்கே 2024 அக்டோபர் 7 முதல் இப்படி ஏமாற்றி வாங்கிய பணத்தை பேங்குகளே திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் இங்கிலாந்து பேங்கிலிருந்து இங்கிலாந்து பேங்குக்குப் போன பணத்துக்குத்தான் அது. வெளிநாட்டிலிருந்து வந்தால் கிடையாது. வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களைத்தான் குறிவைக்கிறார்கள், அவர்களுக்குத்தான் பாதுகாப்பு இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

இப்போது சீனியர் அக்கா ஒருவரின் ரூமில் தரையில் படுக்கிறேன். நிலையான முகவரி இல்லாததால் பேங்க் அக்கவுன்ட்டும் திறக்க முடியவில்லை. காலை ஒன்பது மணி லெக்சரில் உட்கார்ந்தால் காதில் எதுவும் ஏறவில்லை. ஸ்டூடன்ட் விசாவில் கிளாஸ் நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. அந்தக் கணக்கில் 1,120 பவுண்டு சம்பாதிக்க நான் ஏறக்குறைய ஐந்து வாரம் கடையில் நிற்க வேண்டும், அதுவும் ஒரு காசு செலவழிக்காமல்.

சரி, பார்க்க வேண்டியவை. அவசரமாகத்தான் சொல்கிறேன், ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டும். ரூமைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் அதே 2019 சட்டம்தான், அதை மட்டும் அவன் சொல்லவில்லை. ஏஜென்ட் என்றால் குறைதீர்ப்புத் திட்டம் ஒன்றில் உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும், பெயரை அங்கே தேடுங்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது என்று அரசின் நிலப் பதிவேட்டில் 7 பவுண்டு கட்டிப் பார்க்கலாம். லீட்ஸ் என்றால் யூனிபோல் என்ற மாணவர் வீட்டு வசதி அமைப்பு இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். முடிந்தால் வந்து இறங்கி, சில நாள் எங்காவது தங்கி, கதவைத் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பணம் போய்விட்டால் இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

அந்த விளம்பரம் இன்றைக்குக் காலையிலும் ஆப்பில் இருந்தது. ஏஜென்ட் பெயரை மாற்றி, வாடகையை 495 ஆக்கியிருக்கிறான். ஹைட் பார்க், சாய்ந்த கூரை, மாடி அறை. கண்ணில் பட்டால் ரிப்போர்ட் செய்யுங்கள். யாருக்காவது "தங்கச்சி" என்று போன் வந்திருந்தால், அந்த நம்பரை எனக்கு மெசேஜ் பண்ணுங்கள், போலீஸ் புகாரில் சேர்க்கிறேன்.