அண்டப் பின்னணி ஒளியை அளக்க எந்த வழி நம்பகமானது?

முதல் விண்மீன்கள் தோன்றியது முதல் இன்றுவரை உமிழப்பட்ட ஒளியும், அதில் ஒரு பகுதியைத் தூசு விழுங்கி அகச்சிவப்பாகத் திருப்பி வெளியிட்டதும் சேர்ந்து, விண்மீன் திரள்களுக்கு இடைப்பட்ட வெளியெங்கும் மிக மங்கலாகப் பரவிக் கிடக்கின்றன. இதுவே அண்டப் பின்னணி ஒளி. பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைப் பின்னணி வேறு, இது வேறு. இதன் அளவை அறிய மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

நேரடியாக அளப்பதுதான் இயல்பாகத் தோன்றும் வழி. ஆனால் சூரியக் குடும்பத்துத் தூசு சிதறடிக்கும் ஒளி, பூமியின் அருகே இந்தப் பின்னணியைவிடப் பல மடங்கு பிரகாசமானது. அதைக் கழிப்பதில் நேரும் சிறு பிழையே விடையை மாற்றிவிடும். புளூட்டோவைக் கடந்து சென்ற நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் இந்தத் தொல்லையிலிருந்து தப்பியது. எனினும், 2021, 2022 ஆய்வுகளில் அறியப்பட்ட திரள்களால் விளக்க முடியாத உபரி ஒளி தென்பட்டதாக அறிவித்த அதே குழு, நமது பால்வழியின் தூசு சிதறடிக்கும் ஒளியைப் புதிய முறையில் மதிப்பிட்டபின், 2024இல் அந்த உபரி இல்லை என்று முடிவுசெய்தது.

திரள்களை எண்ணி அவற்றின் ஒளியைக் கூட்டும் இரண்டாவது வழி எளிது. ஆனால் தொலைநோக்கிக்குத் தென்படாதவை விடுபடுவதால், அது கீழ்வரம்பை மட்டுமே தரும்.

மூன்றாவது வழி, ஒளியைத் தேடாமல் அதன் விளைவைத் தேடுகிறது. பிளேசார்களிலிருந்து (மையக் கருந்துளையின் பீச்சு நம்மை நோக்கியிருக்கும் தொலைதூரத் திரள்களிலிருந்து) வரும் உயர் ஆற்றல் காமாக் கதிர், வழியில் பின்னணி ஒளித்துகளோடு மோதி எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாக மாறுகிறது. 1 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிரைப் பெரும்பாலும் 1 மைக்ரான் அலைநீளத்தையொட்டிய அகச்சிவப்பு ஒளியும், 10 டெரா எலக்ட்ரான் வோல்ட் கதிரைப் பத்து மைக்ரானையொட்டிய ஒளியும் தடுப்பதால், நிறமாலையில் எந்த ஆற்றலில் எவ்வளவு தேய்வு என்பதிலிருந்து எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். சூரியக் குடும்பத்துத் தூசு சிதறடிக்கும் ஒளியின் குறுக்கீடு இதில் அறவே இல்லை. நமீபியாவிலுள்ள ஹெஸ் காமாக் கதிர் தொலைநோக்கிகள் 2006இல் இரண்டு பிளேசார்களைக் கொண்டு, பின்னணி ஒளி திரள் எண்ணிக்கை தரும் கீழ்வரம்பை ஒட்டியே இருக்கிறது என்று காட்டின. நியூ ஹொரைசன்ஸ் குழு பின்னர் எட்டிய முடிவும் ஏறத்தாழ அதுவே.

இம்முறையின் பலவீனம், மூலத்தை விட்டுக் கிளம்பியபோது கதிரின் நிறமாலை எப்படி இருந்தது என்பதை ஊகிக்க வேண்டியிருப்பது. ஃபெர்மி காமாக் கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் குழு இதை நேர்த்தியாகக் கையாண்டது: தேய்வுக்கு உட்படாத குறைந்த ஆற்றல் பகுதியை மேல்நோக்கி நீட்டி, 739 பிளேசார்களையும் ஒரு காமாக் கதிர் வெடிப்பையும் சேர்த்து ஆராய்ந்து, 2018இல் விண்மீன் உருவாக்கத்தின் வரலாற்றையே வரைந்தது. வெவ்வேறு தொலைவுகளிலுள்ள மூலங்கள் வெவ்வேறு காலத்து ஒளியைச் சொல்வதால் இது கைகூடியது. இன்றுள்ள மொத்த ஒளியை மட்டும் அளக்கும் விண்கலத்தால் ஆகாத காரியம் இது.

எனவே, கட்புலனாகும் ஒளியில் இன்றைய மொத்த அளவுக்கு நியூ ஹொரைசன்ஸையும், வரலாற்றுக்குக் காமாக் கதிரையும் நம்புவேன். பத்து மைக்ரானையொட்டிய பகுதியில், சூரியக் குடும்பத்துத் தூசு தானே வெப்பத்தால் ஒளிர்வதால் நேரடி அளவீடு ஏறக்குறைய முடங்கிவிடுகிறது. அங்கே மார்க்கேரியன் 501 போன்ற அருகிலுள்ள பிளேசார்களின் மிக உயர் ஆற்றல் கதிர்களே துணை. அவற்றை மேலும் நுட்பமாக அளப்பதற்கான செரன்கோவ் தொலைநோக்கி வரிசை ஸ்பெயினின் லா பால்மா தீவிலும் சிலியிலும் கட்டப்பட்டு வருகிறது.