எஸ்க்யூலைட்: நெல் வியாபாரிக்கு எழுதிய முதல் மென்பொருளும் நான் கற்றதும்

கஜா புயல் அடித்து மன்னார்குடி பக்கம் கரண்ட் ஒரு வழியாகத் திரும்பி வந்திருந்த நேரம், 2018 கடைசி. படிப்பு முடித்து ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நீடாமங்கலம் பக்கத்தில் இருந்த ஒரு நெல் வியாபாரி கடைக்கு வந்து, "சம்பா அறுப்புக்குள்ள எடைச் சிட்டையும் பேரேடும் கம்ப்யூட்டர்ல வந்துடணும் தம்பி" என்றார். வேலை என்னிடம் வந்தது. அதில் கணக்கையெல்லாம் சேமித்து வைக்க நான் எடுத்துக்கொண்ட டேட்டாபேஸ்தான் எஸ்க்யூலைட். அன்றிலிருந்து கிட்டத்தட்ட எல்லா வேலைக்கும் அதையே எடுத்திருக்கிறேன். புதிதாக ஐடி வேலைக்கு வந்து, ஊர்க் கடைக்கோ மில்லுக்கோ மென்பொருள் எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஏன் இதை எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மற்ற டேட்டாபேஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு சர்வர் என்று தனியாக ஒரு புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் வியாபாரி எனக்கு போன் செய்வார், நான் பஸ் பிடித்துப் போக வேண்டும். எஸ்க்யூலைட்டில் சர்வரே கிடையாது, மொத்தக் கணக்கும் ஒரே ஃபைல். இது பிறந்த கதையும் அதுதான். 2000-ல் ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். டேட்டாபேஸ் சர்வர் நின்றுபோனால் அவருடைய புரோகிராமும் முடங்கியது, அதனால் சர்வரே வேண்டாத ஒன்றை எழுதினார். இன்று நம் கையில் இருக்கும் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் இது இருக்கிறது. காசு கிடையாது, லைசன்ஸ் கிடையாது, மூல நிரல் பொதுச் சொத்து.

கரண்ட் விஷயத்தில் இதற்கு முழு மதிப்பெண். களத்தில் யூபிஎஸ் இல்லாத பழைய கம்ப்யூட்டர், எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும். ஒரு பதிவு முழுதாக ஏறியிருக்கும், அல்லது ஏறவே ஏறியிருக்காது. பாதி ஏறிய கணக்கை இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இனி, கையைச் சுட்ட இடங்கள்.

மிகப் பெரியது இதன் தாராள குணம். அட்டவணையில் ஒரு நெடுவரிசைப் பத்தியை எண் என்று அறிவித்திருந்தாலும் அதில் எழுத்தைப் போட்டால் வாங்கிக்கொள்ளும், பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. அங்கிருந்த கணக்குப்பிள்ளை ஐயா, எடை இன்னும் வராத ஒரு லோடுக்கு எடைக் கட்டத்தில் "பின்னால்" என்று தட்டிவிட்டார். நோட்டில் அப்படித்தான் எழுதுவார், அவர் மேல் தப்பே இல்லை. நானும் கட்டத்தில் வந்ததை அப்படியே உள்ளே அனுப்பிவிட்டேன். கூட்டல் போடும்போது எஸ்க்யூலைட் அந்த வார்த்தையைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது, மொத்தத்தில் ஒரு லோடு நெல்லே காணாமல் போனது. எப்படிப் பிடிபட்டது என்றால், அதிக எடையிலிருந்து இறங்குவரிசையாக அடுக்கிய அறிக்கையில் எல்லாருக்கும் மேலே "பின்னால்" என்று நின்றது, ஏனென்றால் இதன் வரிசையில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. 2021-ல் வந்த 3.37 பதிப்பிலிருந்து அட்டவணை உருவாக்கும்போது ஸ்ட்ரிக்ட் என்று ஒரு சொல் சேர்த்தால் இந்தக் கோளாறு வராது. தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

இதே மாதிரி இன்னொன்று, அட்டவணைகளுக்கு இடையிலான உறவைக் காக்கும் ஃபாரின் கீ. எழுதி வைத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறை இணையும்போதும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை போட்டு அதை இயக்கிவிட வேண்டும், சும்மா விட்டால் அணைந்தே இருக்கும். நான் அதைப் படிக்காமல் விட்டதால், இரண்டு முறை பதிவான ஒரு விவசாயியின் பெயரை நீக்கியபோது அவருடைய எடைச் சிட்டைகள் ஆளில்லாமல் அந்தரத்தில் நின்றன. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது நம் பக்கம் சாதாரணம்தானே, மேலத்தெரு, கீழத்தெரு, குளத்தங்கரை என்றுதான் பிரித்துச் சொல்வார்கள். அந்த அடையாளத்துக்கு ஒரு பத்தி வேண்டும் என்பது கணக்குப்பிள்ளை ஐயாவோடு அரை நாள் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பணத்துக்கு இதில் தசம வகை கிடையாது, ஒன்று முழு எண், இல்லையென்றால் தசமத்தைத் தோராயமாக வைக்கும் மிதவைப் புள்ளி எண். பைசாவாகவும் கிராமாகவும் மாற்றி முழு எண்ணில் வைப்பதுதான் சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எந்த இடத்தில் முழுமைப்படுத்துவது, அதாவது ரவுண்டு செய்வது? ஒரு நாள் விலை 60 கிலோ மூட்டைக்கு 1,130 ரூபாய், வந்த நெல் 2,437 கிலோ. நான் கிலோவுக்கு 18.83 என்று முதலில் சுருக்கிக்கொண்டு பெருக்கினேன், 45,888.71 வந்தது. கணக்குப்பிள்ளை ஐயா 40 மூட்டைக்குத் தனியாக 45,200, உதிரி 37 கிலோவுக்குத் தனியாகப் போட்டு, 45,897 என்று எழுதியிருந்தார். எட்டு ரூபாய் வித்தியாசம். விவசாயிக்கு எட்டு ரூபாய் குறைத்துக் கொடுக்கும் மென்பொருளை நான் எழுதியிருக்கிறேன் என்பது அன்று ராத்திரி முழுக்க உறுத்தியது. கணக்குப்பிள்ளை ஐயா போடும் முறையையே அப்படியே எழுதினேன், அதற்குப் பிறகு ஒரு சிட்டையிலும் தகராறு வரவில்லை.

தமிழ் விஷயத்தில் பாதி திருப்தி. யூனிகோடில் எழுதுவதை அட்சரம் பிசகாமல் வைத்துக்கொள்ளும். அகர வரிசைதான் சரியாக வராது: யூனிகோடு எண் வரிசையில் ன, ந-வுக்கு அடுத்தே இருப்பதால் கனகராஜ் முன்னால், கமலா பின்னால் வருவார்கள். நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. பைத்தான் நிரல்மொழியில் சொந்தமாக ஒரு வரிசை விதி எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு மணி நேர வேலை.

காப்பு நகல் எடுப்பதில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். வேகத்துக்காக டபிள்யூஏஎல் முறையை இயக்கியிருந்தேன். அதில் புதிய பதிவுகள் முதலில் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு ஃபைலில் சேரும், பிறகுதான் முதன்மை ஃபைலுக்குப் போகும். தினமும் சாயங்காலம் புரோகிராமை மூடாமலேயே முதன்மை ஃபைலை மட்டும் பென்டிரைவில் நகல் எடுக்கச் சொல்லியிருந்தேன். ஹார்டுடிஸ்க் போன அன்று பென்டிரைவைத் திறந்தால் கடைசி இரண்டு நாள் கணக்கு இல்லை, அதுவும் நல்ல அறுப்பு சமயத்தில். காகிதச் சிட்டைகள் கம்பியில் குத்தி வைத்திருந்ததால் தப்பித்தோம், நானும் கணக்குப்பிள்ளை ஐயாவும் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். இதற்கென்றே எஸ்க்யூலைட்டில் பேக்கப் வசதி இருக்கிறது, வேக்யூம் இன்டு என்ற கட்டளையும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு நகல் தரும், அதைப் பயன்படுத்துங்கள்.

2022 ஜூலையில் 25 கிலோ வரை கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தபோது, அரிசியும் விற்கத் தொடங்கியிருந்த அந்த வியாபாரி மற்றவர்களைப் போல 26 கிலோ பைக்கு மாறினார். வரியையும் பை எடையையும் தேதியோடு தனி அட்டவணையில் வைத்திருந்ததால் அதில் இரண்டு பதிவு சேர்த்ததோடு வேலை முடிந்தது.

எப்போது வேண்டாம்? ஒரே நேரத்தில் ஒருவர்தான் இதில் எழுத முடியும், மற்றவர் காத்திருக்க வேண்டும். ஒரு களம், ஒரு கம்ப்யூட்டர், அல்லது ஒரு புரோகிராம் வழியாக நான்கு பேர் என்றால் தாராளமாகப் போதும். நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில் ஃபைலை வைத்துப் பல கம்ப்யூட்டர்களிலிருந்து திறப்பது மட்டும் கூடவே கூடாது. வியாபாரி குடவாசலில் இன்னொரு களம் எடுத்தபோது இரண்டையும் சேர்த்து, சர்வரோடு ஓடும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு மாற்றிக் கொடுத்தேன், எஸ்க்யூலைட்டில் அட்டவணைகள் ஒழுங்காக இருந்ததால் அந்த மாற்றம் ஒரு வாரத்தில் முடிந்தது.

போன மாதம் அந்த வியாபாரி, ஒரு விவசாயிக்குத் தர வேண்டிய பழைய பாக்கி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பழைய பென்டிரைவில் இருந்த முதல் சம்பாக் கணக்கை என் புது லேப்டாப்பில் திறந்தேன், எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே திறந்தது. பாக்கி 2,300 ரூபாய் இருந்தது. அன்றைக்கே அந்த விவசாயி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.